குலுக்கலில் பெயர் வராத குழந்தை
அமெரிக்க நகரங்களில் 'சார்ட்டர்' பள்ளிகள்: பாடமும் படிப்பினையும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அமெரிக்க நாட்டின் பெரிய நகரங்களிலே, ஏழைக் குழந்தைகள் படிக்கும் ஒரு வகைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். சார்ட்டர் பள்ளி என்று அதற்குப் பெயர்.

"எங்கோ இருக்கிற அமெரிக்காவின் பள்ளிக்கூடம் நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடங்களின் வாசலிலே காத்து நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே நிற்கவில்லை. பஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியிலே தரை துடைக்கிறவர், ஓட்டலிலே பாத்திரம் கழுவுகிறவர் - இவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் நிற்கிறார்கள். பெரும்பாலும் கறுப்பு இன மக்கள்; மெக்ஸிகோ முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஐந்து வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?" என்று தவிக்கிற தாயின் மனத்தை, கூலி வேலைக்குப் போகிற எந்தத் தாயும் அறிவாள். ஆகவே அந்தக் கதையைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. அதை எடைபோடும் அறிவும் நமக்கு உண்டு.

சாசனம் என்றால் என்ன?

'சார்ட்டர்' என்றால் சாசனம், ஒப்பந்தம். பொதுப் பள்ளிக்கூடத்தைச் சர்க்காரே நடத்துகிறது. சார்ட்டர் பள்ளியை ஒரு தனி நிர்வாகக் குழு நடத்துகிறது. பணம் மட்டும் மக்களின் வரிப்பணம். ஒரு குழந்தை அங்கே சேர்ந்தால், அந்தத் தலைக்கு இவ்வளவு என்று சர்க்கார் பணம் கொடுக்கும். "இத்தனை ஆண்டுக்குள் குழந்தைகளை இந்த அளவுக்குப் படிக்க வைப்போம்" என்று நிர்வாகம் எழுதிக் கொடுக்க வேண்டும். படிக்க வைத்தால் சாசனம் நீடிக்கும். தவறினால் பள்ளி மூடப்படும். அதற்குப் பதிலாக, பொதுப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் பலவற்றிலிருந்து அதற்கு விலக்கு உண்டு. சம்பளம் கட்ட வேண்டியதில்லை. நுழைவுப் பரீட்சை கிடையாது. இடத்தைவிட மனுக்கள் அதிகமாக வந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சேர்ப்பார்கள்.

இந்த யோசனையை ஊரறியச் செய்தவர் யார் தெரியுமா? ஒரு தொழிற்சங்கத் தலைவர்! அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தின் தலைவராயிருந்த ஆல்பர்ட் ஷங்கர் 1988-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சொற்பொழிவிலே இதை முன்வைத்தார். பாடம் நடத்தும் ஆசிரியர்களே கூடி, புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்க ஒரு சிறு பள்ளியை நடத்தட்டும். அதில் கண்ட நன்மையை எல்லாப் பள்ளிகளுக்கும் பரப்பட்டும் என்பது அவர் எண்ணம். 1991-ல் மினசோட்டா மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. 1992-ல் செயின்ட் பால் நகரத்தில் முதல் பள்ளி திறந்தது. ஆனால் யோசனை ஆசிரியர் கையிலே நிற்கவில்லை. பெரும் நிர்வாக ஸ்தாபனங்களும், பெரும் தனவந்தர்களின் அறக்கட்டளைகளும் உள்ளே வந்தன. சில வருஷங்களுக்குள் ஷங்கரே அதை எதிர்க்கும்படி ஆயிற்று. 2021-22-ம் பள்ளி ஆண்டில் சுமார் 37 லட்சம் குழந்தைகள் இத்தகைய பள்ளிகளில் படித்தார்கள். பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளில் ஆசிரியர் சங்கம் இல்லை.

குழந்தைகளுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்?

ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்போம். நியூயார்க் நகரத்திலே ஹார்லம் என்று ஒரு பகுதி. கறுப்பு இன மக்களின் புகழ்பெற்ற வாசஸ்தலம். அங்கே 2006-ம் ஆண்டு 'சக்ஸஸ் அகாடமி' என்ற ஸ்தாபனம் தன் முதல் பள்ளியைத் திறந்தது. பாலர் வகுப்பும் முதல் வகுப்பும் மட்டுமே; குழந்தைகள் 165 பேர். இன்று அந்த ஸ்தாபனம் நகரமெங்கும் பல பள்ளிகளை நடத்துகிறது.

காலையில் குழந்தைகள் சீருடையில் வருகிறார்கள். ஒவ்வொரு வகுப்பறைக்கும் ஒரு கல்லூரியின் பெயர். ஐந்து வயதுக் குழந்தைக்கும், "நீ இன்ன வருஷத்தில் கல்லூரிக்குப் போகப் போகிறாய்" என்று முதல் நாளிலிருந்தே சொல்லி வைக்கிறார்கள். எந்தக் குடும்பத்திலே கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லையோ, அந்தக் குடும்பத்துக் குழந்தைக்கு இது சின்ன வார்த்தையல்ல.

வாசிப்புக்கு நிறைய நேரம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைச் சொல்லித் தருகிறார்கள். ஆசிரியை கதைப் புத்தகத்தை உரக்க வாசிக்கிறார், நடுவிலே நிறுத்தி, "இவன் ஏன் அப்படிச் செய்தான்? உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார். குழந்தை தன் வாயால் காரணம் சொல்ல வேண்டும். பிறகு சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து, அவரவர் வாசிக்கும் திறத்துக்கு ஏற்ற புத்தகத்தை வாசிக்கிறார்கள். வீட்டிலும் தாய் தகப்பன் தினமும் புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று பள்ளி வற்புறுத்துகிறது.

கணக்குப் பாடத்திலே வாய்பாட்டை ஒப்பிப்பதோடு விடுவதில்லை. ஒரு சிறு கதையாகக் கணக்கைச் சொல்கிறார்கள். குழந்தைகள் படம் போட்டோ, கட்டைகளை அடுக்கியோ, தமக்குத் தோன்றிய வழியில் விடை காண்கிறார்கள். ஒரு குழந்தை எழுந்து தன் வழியைச் சொல்கிறது. இன்னொரு குழந்தை வேறு வழியைச் சொல்கிறது. எது சுலபம், ஏன் என்று வகுப்பு முழுதும் பேசுகிறது.

விஞ்ஞானம் தினந்தோறும் உண்டு. ஆம் தோழர்களே, பாலர் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு நாளும்! அதற்கென்று தனி ஆசிரியர். தண்ணீரில் எது மிதக்கும், எது அமிழும் என்பது போன்றவற்றைக் குழந்தை தன் கையாலேயே செய்து பார்த்து அறிகிறது. மரக்கட்டைகளை அடுக்கி விளையாடத் தனி நேரம். சதுரங்கம் உண்டு, ஓவியம் உண்டு, வெளியே அழைத்துப் போய்க் காட்டுவதும் உண்டு.

பலன் என்ன? 2016-ம் ஆண்டு மாநிலப் பரீட்சையிலே இந்த ஸ்தாபனத்தின் பிள்ளைகளில் நூற்றுக்கு 94 பேர் கணக்கிலும், 82 பேர் ஆங்கிலத்திலும் தேறினார்கள். நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளிலே கணக்கில் சுமார் 36 பேர். ஆங்கிலத்தில் 38 பேர்.

இந்த உண்மையை மூடி மறைக்க நாம் வரவில்லை. "ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, கறுப்புப் பிள்ளைக்கு மூளை மட்டு" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தவர்களின் வாயை இந்தக் கணக்கு அடைத்துவிட்டது. நல்ல பாடத்திட்டமும், போதுமான நேரமும், அக்கறையுள்ள ஆசிரியரும் கிடைத்தால் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை யாருக்கும் சளைத்ததல்ல. இதை யார் நிரூபித்தாலும் நாம் வரவேற்கிறோம்.

பெயர்ப்பலகை பாடம் சொல்லாது

ஆனால், 'சார்ட்டர்' என்ற பெயர்ப்பலகையை மாட்டினால் போதும், எல்லாப் பள்ளியும் இப்படி ஆகிவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் பல மாநிலங்களின் சார்ட்டர் பள்ளிகளை ஆராய்ந்தார்கள். கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு 17 பள்ளிகள் பொதுப் பள்ளிகளைவிட மேல்; 37 பள்ளிகள் மோசம்; மீதி 46 பள்ளிகளில் வித்தியாசமே இல்லை. அதே குழுவினர் 2023-ல் வெளியிட்ட அறிக்கையில் நிலைமை முன்னேறியிருந்தது. ஒரு வருஷப் படிப்பிலே, சராசரியாக வாசிப்பில் 16 நாள் பாடமும், கணக்கில் 6 நாள் பாடமும் அதிகம் கற்றதற்குச் சமம் என்றார்கள். நன்மைதான், ஆனால் மலையைப் புரட்டிய நன்மை அல்ல. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து நடத்தும் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி 2015-ல் வந்த அறிக்கையோ, கணக்கில் அந்தப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு பள்ளி ஆண்டையே இழந்தார்கள் என்றது.

அதே சமயம், பாஸ்டன் நகரத்திலே செய்த ஆராய்ச்சி வேறு ஒன்றைக் காட்டியது. குலுக்கலில் பெயர் வந்த பிள்ளைகளையும் பெயர் வராத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இது நல்ல முறை. இரு சாராரின் பெற்றோரும் மனுப் போட்டவர்களே. அக்கறையில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் சீட்டிலே மட்டும்தான். பெயர் வந்த பிள்ளைகள் பரீட்சையிலே வெகுவாக முன்னேறியிருந்தார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? பலகை எதையும் செய்வதில்லை. உள்ளே நடக்கும் பாடம்தான் செய்கிறது. தினசரி விஞ்ஞானத்துக்கும், உரக்க வாசித்துக் காட்டுவதற்கும், சிறு குழுக்களுக்கும் எந்தச் சாசனமும் தேவையில்லை. ஆசிரியரும், நேரமும், பணமும் தேவை. அவற்றைக் கொடுத்தால் பொதுப் பள்ளியிலும் இதே பாடத்தை நடத்தலாம்.

தூற்றிய பின் மிஞ்சியது

இனி, வெளியே சொல்லாத கணக்குக்கு வருவோம்.

2006-ல் ஹார்லம் பள்ளியிலே முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் 73 பேர். 2018-ல் அந்த அணியிலிருந்து உயர்நிலைப் பள்ளியை முடித்துப் பட்டம் பெற்றவர்கள் 16 பேர். பதினாறு பேரும் கல்லூரிக்குத் தகுதி பெற்றார்கள் என்று விழா எடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பெருமையை நாம் குறைக்கவில்லை. மீதி 57 பேர் எங்கே?

பன்னிரண்டு வருஷத்தில் குடும்பங்கள் ஊர் மாறும், வீடு மாறும். எல்லாரையும் பள்ளிதான் விரட்டியது என்று சொல்வது நியாயமல்ல. ஆனால் பொதுப் பள்ளியில் ஒரு குழந்தை போனால் இன்னொரு குழந்தை வருகிறது. நடு வருஷத்திலே, பாஷை தெரியாமல், வேறு தேசத்திலிருந்து நேற்று வந்து இறங்கிய குழந்தையும் வருகிறது. பொதுப் பள்ளி அதைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். இந்த ஸ்தாபனமோ மேல் வகுப்புகளில் காலியான இடத்துக்குப் புதுக் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை.

2015-ல் ஒரு செய்தி நியூயார்க்கின் பெரிய பத்திரிகையில் வந்தது. அந்த ஸ்தாபனத்தின் புரூக்ளின் பள்ளி ஒன்றிலே, வெளியே போக வேண்டிய குழந்தைகள் என்று 16 பேருடைய பெயரை எழுதி ஒரு ஜாபிதா தயாரித்திருந்தார்கள். அதிலே 9 குழந்தைகள் பின்னர் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். அது தவறுதான், தலைமையாசிரியரைக் கண்டித்துவிட்டோம் என்று ஸ்தாபனம் சொன்னது. 2016-ல் ஒரு சலனப்படம் வெளியாயிற்று. கணக்கைச் சரியாக விளக்கத் தெரியாத ஒரு முதல் வகுப்புக் குழந்தையின் தாளை ஆசிரியை கிழித்து எறிவதும், குழந்தையைத் தனியே போய் உட்காரச் சொல்வதும் அதிலே பதிவாகியிருந்தன. அது எங்கோ ஒரு தடவை நடந்தது என்று சமாதானம் சொன்னார்கள். ஆனால் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளைச் சில நாள் பள்ளிக்கு வரக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பும் தண்டனை இருந்ததை நிர்வாகம் மறுக்கவில்லை; அவசியம் என்றே வாதாடியது.

தாய்மார்களே, இந்தத் தண்டனை யாருக்கு? குழந்தை வீட்டிலிருந்தால் தாய் வேலைக்குப் போக முடியாது. அன்றைய கூலி போயிற்று. இரண்டு தடவை, மூன்று தடவை இப்படி நடந்தால் வேலையே போகும். "போய்விடு" என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. தாயே குழந்தையை அழைத்துக்கொண்டு வேறு பள்ளியைத் தேடிப் போய்விடுவாள்.

களத்திலே நெல்லைத் தூற்றுகிற உங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்றிலே தூற்றிய பிறகு மிஞ்சிய குவியலைக் காட்டி, "எங்கள் வயலிலே பதரே விளையாது" என்று ஒருவன் சொன்னால் நம்புவீர்களா? நெல்லிலாவது பதர் உண்டு. குழந்தைகளிலே பதர் கிடையாது, தோழர்களே! மெதுவாகப் படிக்கிற குழந்தை, ஓர் இடத்தில் உட்கார முடியாத குழந்தை, வீட்டிலே பசியும் சண்டையும் கண்டு வருகிற குழந்தை - அதற்குத்தான் நல்ல பள்ளிக்கூடம் அதிகமாகத் தேவை.

பாடம் நடத்துகிறவரும் உழைப்பாளியே

நீண்ட பள்ளி நாள் என்றால் நீண்ட வேலை நாள். இது ஆலைத் தொழிலாளிக்குச் சட்டென்று புரியும். 1994-ல் ஹூஸ்டன் நகரத்தில் தொடங்கிய 'கிப்' என்ற ஸ்தாபனம், காலை ஏழரை மணி முதல் மாலை ஐந்து மணி வரை பள்ளி நடத்திப் பெயர் வாங்கியது. சனிக்கிழமையும் வகுப்பு, கோடை விடுமுறையிலும் வகுப்பு. இரவிலே பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்க ஆசிரியரின் டெலிபோன் திறந்தே இருக்க வேண்டும். 2004-ல் அந்த ஸ்தாபனம் சிறு குழந்தைகளுக்கும் பள்ளி திறந்தது. பிள்ளைகள் முன்னேறியது உண்மை. ஆனால் வாலிப ஆசிரியர்கள் சில வருஷம் ஓடி, களைத்து, வேலையை விட்டுப் போவதும் இத்தகைய பள்ளிகளிலே வழக்கமாயிற்று. ஆண்டுதோறும் புதிய முகம் வந்தால் ஐந்து வயதுக் குழந்தை யாரை நம்பும்?

இதற்குச் சிகாகோ நகரத்து ஆசிரியர்கள் பதில் சொன்னார்கள். அங்கே 'அசெரோ' என்ற ஸ்தாபனம் 15 சார்ட்டர் பள்ளிகளை நடத்தியது. பிள்ளைகள் பெரும்பாலும் மெக்ஸிகோ வழி வந்த உழைப்பாளிகளின் மக்கள். ஆசிரியர்களும் உதவியாளர்களும் ஐந்நூறு பேருக்கு மேல். பொதுப் பள்ளி ஆசிரியரைவிட அதிக நேரம் வேலை, குறைந்த சம்பளம், நிரம்பி வழியும் வகுப்புகள். 2018-ம் ஆண்டு டிசம்பர் 4-ம் தேதி அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்காவின் சார்ட்டர் பள்ளிகளிலே நடந்த முதல் வேலைநிறுத்தம் அதுதான். பெற்றோர்களும் பக்கத்தில் வந்து நின்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பளத்தைப் பொதுப் பள்ளிச் சம்பளத்துக்குச் சமமாக்க ஒப்புக்கொண்டது. வகுப்பின் அளவுக்கு வரம்பு வந்தது. கோர்ட்டு உத்தரவு இல்லாமல் குடியேற்ற அதிகாரிகள் பள்ளிக்குள் நுழையக்கூடாது என்றும் ஒப்பந்தத்தில் எழுதினார்கள். கூலிக்காக மட்டும் அவர்கள் நிற்கவில்லை. குழந்தை பயமில்லாமல் பெஞ்சில் உட்காருவதற்காகவும் நின்றார்கள்.

அடுத்த ஆண்டு ஜனவரியிலே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொதுப் பள்ளி ஆசிரியர்கள் முப்பதாயிரம் பேருக்கு மேல் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வகுப்பைச் சிறிதாக்கு, பள்ளிக்கு நர்ஸ் கொடு, நூலகர் கொடு என்பவை அவர்கள் கோரிக்கைகளில் முக்கியமானவை.

சாவி யார் கையில்?

இன்னும் ஒரு விஷயம். பள்ளியைத் திறப்பதும் மூடுவதும் யார் கையில் இருக்கிறது?

வால்மார்ட் கடைகளின் உடைமையாளர்களான வால்டன் குடும்பத்தின் அறக்கட்டளை, 2016-ல், ஐந்து ஆண்டுகளில் 100 கோடி டாலரைச் சார்ட்டர் பள்ளிகளுக்கும் அதைச் சார்ந்த காரியங்களுக்கும் செலவிடப்போவதாக அறிவித்தது. தன் கடைகளில் தொழிற்சங்கம் தலையெடுக்க விடாத கம்பெனி என்று பெயர் பெற்றது வால்மார்ட். அந்தப் பணத்தால் குழந்தைகளுக்கு நன்மையே வராது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பணம் கொடுக்கிற கை எந்தப் பள்ளி வளர வேண்டும் என்று தீர்மானிக்கத் தொடங்கினால், ஊரார் வெறும் மனுதாரர் ஆகிவிடுகிறார்கள். அதே 2016-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்திலே சார்ட்டர் பள்ளிகளின் எண்ணிக்கையைப் பெருக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 62 பேர் வேண்டாம் என்றார்கள். தங்கள் ஊர்ப் பொதுப் பள்ளிக்குப் போகும் பணம் குறைந்துவிடும் என்ற கவலை அதற்கு ஒரு பெருங் காரணம்.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை 2005-ம் ஆண்டு காட்ரினா புயல் அழித்தது. அதன் பிறகு பள்ளிகளில் வேலை பார்த்த ஏழாயிரம் பேருக்கு மேல் வேலையிழந்தார்கள். அவர்களிலே கறுப்பு இன ஆசிரியைகள் ஏராளம். அந்த ஊரின் நடுத்தரக் குடும்பங்களின் முதுகெலும்பு. ஊர்ப் பள்ளிகள் படிப்படியாகச் சார்ட்டர் நிர்வாகங்களுக்குப் போயின. பரீட்சை மார்க்கு உயர்ந்தது. அதை ஆராய்ச்சிகள் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் அந்த ஊரிலே பிறந்து, அந்தப் பிள்ளைகளின் பாட்டியையும் அம்மாவையும் படிக்க வைத்த ஆசிரியைகளிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. 2024-ல் அந்த நகரத்துப் பள்ளி வாரியம் தானே நேரடியாக நடத்தும் ஒரு பள்ளியை மறுபடி திறந்தது.

சிகாகோவில் நாம் சொன்ன அசெரோ ஸ்தாபனமும், 2024 அக்டோபரில், தன் 15 பள்ளிகளில் 7 பள்ளிகளை மூடப்போவதாக அறிவித்தது. பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளும் வீதிக்கு வந்தார்கள். நகரக் கல்வி வாரியம் தலையிடும்படி ஆயிற்று. சாவி தம் கையில் இல்லாத பள்ளி எவ்வளவு நல்ல பள்ளியானாலும், ஒரு காலையில் பூட்டிக் கிடக்கலாம் என்பதை அந்தப் பெற்றோர் கண்ணால் கண்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

தோழர்களே! எந்த நாட்டிலானாலும், எந்தப் பெயரிலானாலும், சிறு குழந்தைகளின் பள்ளியைப் புகழ்ந்து ஒருவர் பேசினால் நாம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

குழந்தை தினமும் தன் கையால் எதைச் செய்து பார்க்கிறது? அதற்கு யார் புத்தகம் வாசித்துக் காட்டுகிறார்கள்? விளையாட நேரம் உண்டா? முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர், கடைசி வகுப்பில் மிஞ்சியவர்கள் எத்தனை பேர்? பின்தங்கிய குழந்தையை என்ன செய்கிறார்கள்? பாடம் நடத்துகிறவர் இரவிலே தூங்குகிறாரா, பத்து வருஷம் அங்கேயே நிற்க முடியுமா? நிர்வாகத்தை ஊரார் கேள்வி கேட்க முடியுமா?

முதல் மூன்று கேள்விகளுக்கு ஹார்லம் பள்ளி நல்ல பதில் சொல்கிறது. அதை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். பின்னுள்ள கேள்விகளில் அதன் பதில் தடுமாறுகிறது. அதையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தச் சீட்டுக் குலுக்கலை 2010-ல் சலனப்படமாகவே எடுத்தார்கள். பெரிய மண்டபத்திலே பெற்றோர்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக அறிவிக்கப்படுகின்றன. பெயர் வந்த தாய் துள்ளி எழுகிறாள். பெயர் வராத தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் வெளியே நடக்கிறாள். பெயர் வந்த குழந்தை எப்படிப் படித்தது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெயர் வராத குழந்தையும் மறுநாள் காலையில் ஒரு பள்ளிக்குத்தான் போகிறது. அந்தப் பள்ளியிலும் விஞ்ஞானம் தினமும் வேண்டும். அங்கும் கதை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். அங்கும் கட்டை அடுக்கி விளையாட இடம் வேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் தேவையான ஒன்றுக்குச் சீட்டுக் குலுக்குவானேன்? பாஸ்டனிலும் ஹார்லத்திலும் பெயர் வராத தாய்மார் கேட்கும் கேள்வி இதுதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மண்டபத்திலே சீட்டு எடுத்தவர்கள் அல்ல. இடங்களை இவ்வளவு குறைவாக வைத்தவர்கள்தான்.